சமூக உளவியலும் இன்னொரு துறையும்: யாழ்ப்பாணத்திலிருந்து மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு

முதல் வருடம் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். ஆறும் கைவிரித்தன. அடுத்த வருடம் ஐந்துக்குப் போட்டேன், இரண்டில் இடம் கிடைத்தது. இடைப்பட்ட பன்னிரண்டு மாதத்தில் நான் பெரிய அறிவாளி ஆகிவிடவில்லை. அதே பட்டம், அதே புள்ளிகள், அதே ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு. முதல் முறை இரண்டு துறைகளின் வாசலிலும் ஒவ்வொரு காலை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் முறை ஒரு வாசலைத் தட்டினேன்.

நான் பொருளியல் சிறப்புப் பட்டதாரி. படிக்க விரும்பியது சமூக உளவியலும் பொருளியலும் கலந்த ஒன்று. உங்களுக்கு அந்த இன்னொரு துறை சட்டமாக இருக்கலாம், சமூகப் பணியாக, முகாமைத்துவமாக, பொதுச் சுகாதாரமாக இருக்கலாம். நடைமுறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1. பெயர்க் குழப்பத்தை முதலில் தீருங்கள்

யாழ்ப்பாணத்தில் உளவியல் படிக்கப்போகிறேன் என்றால் "அப்ப கவுன்சிலிங்கோ?" என்றுதான் கேட்பார்கள். போருக்குப் பிறகு இங்கே உளசமூகப் பணி செய்த நிறுவனங்கள் பல. அதனால் 'உளசமூகம்' என்பதும் 'சமூக உளவியல்' என்பதும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஒன்றல்ல. உளசமூகப் பணி பாதிக்கப்பட்டவருக்குத் துணைநிற்கும் வேலை. சமூக உளவியல் ஒரு ஆய்வுத் துறை: மற்றவர்கள் பக்கத்தில் இருப்பதாலும் மனதில் இருப்பதாலும் ஒருவருடைய எண்ணமும் நடத்தையும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது. குழு அடையாளம், முன்முடிவு, நம்பிக்கை, வெட்கம், ஊரோடு ஒத்துப்போதல், இவையெல்லாம் அதற்குள் வரும்.

சமூக உளவியலில் கலாநிதிப் பட்டமே எடுத்தாலும் நோயாளரைப் பார்த்துச் சிகிச்சை கொடுக்கும் உரிமை வராது. உங்கள் ஆசை அதுதான் என்றால் சிகிச்சை உளவியலுக்குப் போங்கள், அதற்கு வழி வேறு.

நிறுவனங்களில் வேலைசெய்த அனுபவம் இருந்தால் அது வீண் அல்ல. எத்தனை குடும்பங்களுக்கு உதவினீர்கள் என்பதைத் தெரிவுக்குழு ஒரு வரியில் கடந்துவிடும். அங்கே நின்றபோது எது உங்களுக்கு விளங்காமல் இருந்தது என்பதைத்தான் நின்று படிப்பார்கள்.

2. எந்த வடிவில் இரண்டு துறை என்று பாருங்கள்

இதில்தான் நான் ஒரு வருடத்தைத் தொலைத்தேன். "இரண்டு துறை" என்பதற்குள் நாலு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதலாவது, இணைந்த பட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணியையும் உளவியலையும் சேர்த்து ஒரே கலாநிதிப் பட்டமாகச் செய்யலாம்; பெண்கள், பாலினக் கற்கையையும் உளவியலோடு அப்படிச் சேர்க்கலாம். நெப்ராஸ்கா, லிங்கனில் சட்டமும் உளவியலும் சேர்ந்த திட்டம் இருக்கிறது, 1974 முதல் நடக்கிறது. ஹார்வர்டில் நிறுவன நடத்தைக் கலாநிதிப் பட்டத்தை வணிகப் பள்ளியும் கலைப் பீடமும் சேர்ந்தே கொடுக்கின்றன. இப்படியான இடங்களில் பொதுவாக இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்த வேண்டும். இடங்கள் மிகக் குறைவு. சட்டம் சேர்ந்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: ஆய்வுப் பகுதிக்குப் பணம் தருவார்கள், சட்டப் பகுதிக்கு யார் கட்டுவது?

இரண்டாவது, சமூக உளவியலே பல துறையாக அமைந்த திட்டம். நெவாடா, ரீனோவில் உள்ள கலாநிதித் திட்டத்தின் பெயரே பல்துறைச் சமூக உளவியல். ஐரோப்பாவில் குளோபல் மைண்ட்ஸ் என்ற எராஸ்மஸ் முண்டஸ் (ஐரோப்பிய ஒன்றியம் பணம் போடும் கூட்டுத் திட்டம்) முதுமாணி உண்டு: குடிப்பெயர்வு, உள்வாங்கல், பன்மைத்துவம் பற்றிய உளவியல். லிஸ்பன், ஒஸ்லோ, லிமெரிக் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது, இரண்டு வருடம். அகதிமுகாமையும் கனடா உறவினரையும் பார்த்து வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பாடம்.

மூன்றாவது, ஒரு துறையில் பட்டம், மற்றதில் துணைப்பாடம் அல்லது சான்றிதழ். நான் எடுத்தது இதைத்தான். சமூக உளவியலில் சேர்ந்து, பொருளியலில் துணைப்பாடம். விண்ணப்பிக்கும்போது ஒரு துறையை மட்டும் சமாளித்தால் போதும், மற்றதை உள்ளே போய்ச் சேர்க்கலாம். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நடக்கக்கூடிய வழி என்பது என் அபிப்பிராயம்.

நாலாவது, ஒன்றன்பின் ஒன்று. இங்கே ஒரு முதுமாணி, பிறகு வெளியில் மற்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும், பேராதனையில் மானிடவியல், சமூக விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்திலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உயர் பட்டப் படிப்புகள் பீடத்திலும் எந்த வருடம் எந்தப் பாடநெறிக்கு விண்ணப்பம் கோருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருங்கள். செலவு குறைவு, வேலையை விடத் தேவையில்லை. ஆனால் வருடங்கள் ஓடும்.

3. ஒரு துறையை வீடாக்கி, கேள்வியை அதன் மொழியில் எழுதுங்கள்

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா சீட்டுப் பிடிக்கிறார். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, மூலை மடிந்த ஒரு கொப்பி மட்டும். இருபது பேர் மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதே ஆட்களை வங்கிக்குப் போய் ஒரு கணக்குத் தொடங்கச் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். ஏன்? இதுதான் என் கேள்வி.

முதல் வருட எஸ்.ஓ.பி.யில், அதாவது ஏன் படிக்க வருகிறேன் என்று விளக்கும் நோக்கக் கடிதத்தில், இந்தக் கதையை அழகாகச் சொல்லிவிட்டு, "இதைப் பொருளியலும் உளவியலும் சேர்ந்தே விளக்க முடியும்" என்று முடித்தேன். படித்தவர்களுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. பொருளியல்காரர் மாதிரியுரு எங்கே என்று தேடியிருப்பார். உளவியல்காரர் எதை அளக்கப்போகிறாய் என்று தேடியிருப்பார்.

இரண்டாம் முறை உளவியலை வீடாக எடுத்தேன். சமூக உளவியலாளர்கள் ஹென்றி டாஜ்ஃபெல், ஜோன் டேர்னர் இருவரும் 1979 இல் முன்வைத்த சமூக அடையாளக் கோட்பாட்டின்படி, 'எங்கட ஆள்' என்பதாலேயே நம்பிக்கை வரலாம். அல்லது காசு கட்டாமல் விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்ற வெட்கம் எல்லோரையும் கட்டிப்போடுவதால் வரலாம். இரண்டும் வேறு விளக்கங்கள். சீட்டுப் பிடிப்பவர் நம் ஊரா, வெளியூரா என்பதையும், கட்டாதவர் பெயர் மற்றவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதையும் மாற்றி மாற்றி நாலு குட்டிக் கதைகள் எழுதி, எந்தக் கதையில் ஆட்கள் காசைக் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள் என்று பார்த்தால் பிரித்தறியலாம். இதை எழுத அரைப் பக்கம் போதுமாக இருந்தது. பொருளியல் கடைசிப் பந்தியில் மட்டும் வந்தது: எனக்கு ஏற்கெனவே தெரிந்த புள்ளிவிபரமும் கடன் சந்தை பற்றிய அறிவும் இந்த ஆய்வுக்கு எப்படி உதவும் என்று.

இரண்டு பொறிகள். ஒன்று, முதல் வரியிலேயே போரை வைப்பது. எங்கள் பக்கத்திலிருந்து போகும் கடிதங்கள் பல அப்படித்தான் தொடங்கும். துயரம் உண்மைதான், ஆனால் ஆய்வுக் கேள்வியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளக் கூடாது. மற்றது, வேறு வேறு குழுக்கள் பழகினால் முன்முடிவு குறையும் என்ற, உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட்டின் தொடர்புக் கருதுகோளைச் சொல்லி, தமிழ் சிங்களப் பிள்ளைகளை ஒன்றாக விளையாட விட்டால் எல்லாம் சரியாகும் என்று எழுதுவது. 1954 இலேயே அவர் நிபந்தனைகள் வைத்துத்தான் சொன்னார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனங்களின் ஆதரவு. அந்த நிபந்தனைகள் இங்கே எங்கே உடைகின்றன என்று எழுதினால் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

பிறகு, மேற்பார்வையாளர். அமெரிக்கக் கலாநிதித் திட்டங்களில் பெரும்பாலும் ஒரு பேராசிரியர் உங்களைத் தன் ஆய்வுக்குழுவுக்கு எடுக்க விரும்பினால்தான் இடம். செப்டெம்பரில் ஐந்து வரியில் மின்னஞ்சல் போடுங்கள்: நீங்கள் யார், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், உங்கள் கேள்வி என்ன, இந்த வருடம் மாணவர் எடுக்கிறாரா. நான் பதினான்கு பேருக்கு எழுதினேன், ஐந்து பேர் பதில் போட்டார்கள். அதில் இருவர் இந்த வருடம் எடுக்கவில்லை என்றார்கள். அந்த இரண்டு பதில்கள் விண்ணப்பக் கட்டணமாக எனக்கு இருநூறு டொலர் மிச்சப்படுத்தின.

4. உங்கள் பட்டம் போதுமா

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5 ஆம் மட்டம், நாலு வருடச் சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம். சிறப்புப் பட்டதாரிக்குப் பிரச்சினை இல்லை. பொதுப் பட்டம் என்றால் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நாலு வருடப் பட்டத்துக்குச் சமமாக ஏற்காது, கட்டணம் கட்டும் முன் எழுதிக் கேளுங்கள். இங்கேயே முதுமாணி செய்து இந்த இடைவெளியை நிரப்பலாம். அதிலும் பாருங்கள்: 9 ஆம் மட்ட முதுமாணி 30 திறமைப் புள்ளி (கிரெடிட்), 10 ஆம் மட்டம் 60, அதில்தான் ஆய்வும் வரும். கலாநிதிப் பட்டம் மனதில் இருந்தால் 10 ஐ எடுங்கள்.

உளவியல் படிக்காதவர் பயப்படத் தேவையில்லை. புள்ளிவிபரமும் ஆய்வு முறையியலும் தெரியும் என்று காட்டினால் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம், ஒரு பழைய மடிக்கணினியில் ஓடும். மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டுங்கள்.

5. ஆவணங்கள்: இதில் அவசரப்பட முடியாது

முதலில் உங்கள் பெயர். எங்கள் ஆட்களுக்கு இது தீராத வியாதி. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் தனிக்கட்டத்தில், உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், பட்டச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று. என் பெயர் நாலு ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தது. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பங்களிலும், பரீட்சைப் பதிவிலும் எழுதுங்கள். வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அதை முதலில் எடுங்கள், அது இல்லாமல் பரீட்சைக்கே பதிய முடியாது. வவுனியாவில் அலுவலகம் உண்டு. 2025 இல் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலும் திறந்துவிட்டார்கள்.

பெறுபேற்றுப் பத்திரம், அதாவது ட்ரான்ஸ்கிரிப்ட். பதிவாளர் பக்கம் பணம் கட்டி விண்ணப்பித்தால் இரண்டு வாரம் என்பார்கள். எனக்கு ஏழு வாரம் எடுத்தது, நடுவில் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம். யூலையிலேயே கேளுங்கள். புள்ளி வழங்கும் முறை பத்திரத்தின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே திருப்பிப் பாருங்கள். இல்லாவிட்டால் 3.4 என்பது எதற்கு மேல் 3.4 என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் அதற்காகக் கொழும்புக்கு ஓடாதீர்கள், அமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. இது தெரியாமல் நான் இரவு பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய் இறங்கி, ஒரு நாள் முழுவதும் வரிசையில் நின்றுவிட்டு அடுத்த இரவு பஸ்ஸில் திரும்பினேன்.

எழுத்து மாதிரி கேட்கும் இடங்களும் உண்டு. தமிழ் மூலத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதியவர்கள் அதை முழுதாக மொழிபெயர்க்க உட்கார்ந்து இரண்டு மாதத்தைச் செலவழிக்கிறார்கள். வேண்டாம். அதே தரவை வைத்துப் பன்னிரண்டு பக்கத்தில் புதிதாக ஆங்கிலத்தில் எழுதுங்கள், நன்றாகவும் வரும், வேகமாகவும் முடியும்.

6. பரீட்சைகள்

ஐஈஎல்டிஎஸ் யாழ்ப்பாணத்திலும் எழுதலாம், ஆனால் திகதிகள் குறைவு, முன்கூட்டியே பதியுங்கள். பெறுபேறு இரண்டு வருடம் செல்லும்.

ஜீஆர்ஈ, அதாவது மேற்படிப்புக்கான பொதுத் திறன் பரீட்சை, எல்லா இடமும் கேட்பதில்லை. உளவியல் துறைகள் பல அதை விட்டுவிட்டன. உங்கள் பட்டியலில் ஒன்றாவது கேட்கிறதா என்று பார்த்த பிறகே 220 டொலரைக் கட்டுங்கள். பெறுபேறு ஐந்து வருடம் செல்லும். பரீட்சை அன்று தெரிவுசெய்யும் நாலு பல்கலைக்கழகங்களுக்கு இலவசமாக அனுப்புவார்கள், ஆகவே பட்டியலோடு போங்கள். வீட்டிலிருந்தும் எழுதலாம். அறையைக் கமராவில் முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள், இடையில் யாரும் வரக்கூடாது, காதில் எதுவும் போடக்கூடாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் நல்லூர்ப் பக்கத்து வீட்டில் இருந்து எழுத நினைக்காதீர்கள். ஒலிபெருக்கிக்கு யன்னல் ஒரு தடையே இல்லை.

7. சிபாரிசுக் கடிதங்கள்

மூன்று கேட்பார்கள். ஆசிரியர் கையெழுத்திட்டு உறையில் ஒட்டித் தரும் கடிதம் இங்கே செல்லாது. அவருடைய மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு போகும், அவர்தான் ஏற்ற வேண்டும். பல்கலைக்கழக முகவரியைக் கொடுங்கள். ஜிமெயில் முகவரி என்றால் சில இடங்களில் சந்தேகப்படுவார்கள். இணைப்பு குப்பைப் பெட்டிக்குள் போய் விழும் வழக்கமும் உண்டு.

"நீயே எழுதிக்கொண்டு வா, நான் போடுறன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மறுக்க முடியாமல் எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். மூன்று கடிதமும் ஒரே கை எழுதியது என்பது படிப்பவருக்கு இரண்டாவது பந்தியில் தெரிந்துவிடும். அதற்குப் பதில் ஒரு பக்கக் குறிப்புக் கொடுங்கள்: அவரிடம் படித்த பாடம், எடுத்த புள்ளி, செய்த ஆய்வு, அவர் மறந்திருக்கக்கூடிய ஒரு சம்பவம். "சேர், இதைப் பார்த்து எழுதினால் உங்களுக்கு லேசு" என்றால் கோபிக்கமாட்டார். மூவரில் ஒருவர் மற்றத் துறையிலிருந்து இருப்பது நல்லது. முடிவுத் திகதிக்கு மூன்று வாரம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முதல் நாளும் நினைவூட்டுங்கள். வெட்கப்பட்டால் நட்டம் உங்களுக்கு.

8. காசு

டொலர் 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். அமெரிக்க விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றும் 75 முதல் 125 டொலர் வரை. ஐந்துக்கு ஏறத்தாழ 500 டொலர், ஒன்றரை லட்சம் ரூபா. ஜீஆர்ஈ எழுதினால் இன்னும் 66,000. அதற்கு மேல் ஐஈஎல்டிஎஸ், மொழிபெயர்ப்பு, போக்குவரத்து. இடம் கிடைக்குமோ தெரியாத நிலையில் கையை விட்டுப் போகும் காசு இது. ஆகவே கட்டண விலக்கு உண்டா என்று ஒவ்வொரு துறைக்கும் கேட்டு எழுதுங்கள். நான் கேட்ட ஐந்தில் இரண்டு விலக்கு அளித்தன.

வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிட்டார்களா என்று கிளைக்குப் போய் உறுதிசெய்யுங்கள். முடிவுத் திகதி இரவு பதினொரு மணிக்கு என் அட்டை மறுக்கப்பட்டது. பிரான்சில் இருக்கும் மச்சாளைக் கூப்பிட்டுத்தான் கட்டினேன்.

படிப்புச் செலவு வேறு கதை. அமெரிக்கக் கலாநிதித் திட்டங்கள் பொதுவாகக் கட்டணத்தைத் தள்ளி, மாதாந்தம் உதவித்தொகையும் தரும், பதிலுக்கு நீங்கள் கற்பித்தலிலோ ஆய்விலோ உதவ வேண்டும். முதுமாணிக்கு அப்படி இல்லை, காசு உங்களுடையது. அதனால்தான் பலர் முதுமாணிக்குப் புலமைப்பரிசில் தேடுகிறார்கள். பிரித்தானியாவுக்குச் செவனிங் உண்டு: 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும், ஓகஸ்டில் திறக்கும், ஒக்டோபர் முற்பகுதியில் மூடும், படித்து முடித்ததும் திரும்பி வந்து இரண்டு வருடம் நம் நாட்டில் இருக்க வேண்டும். எராஸ்மஸ் முண்டஸ் கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்தில் அந்தத் திட்டத்துக்கு உதவித்தொகை இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க முதுமாணிக்குக் கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழு. இந்தியாவுக்கு, பட்டப்பின் படிப்பு என்றால் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில். பலாலியில் ஏறினால் சென்னை பக்கத்தில்தான்.

நகையை அடகு வைத்து லண்டனில் ஒரு வருட முதுமாணி எடுக்கலாமா என்று இரண்டு தங்கைமார் என்னைக் கேட்டார்கள். சமூக உளவியலுக்கு வேண்டாம் என்றேன். திரும்பி வந்து அந்த நகையை மீட்கும் சம்பளம் இந்தத் துறையில் இங்கே இல்லை.

9. எப்போது எதைச் செய்வது

அமெரிக்க முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசெம்பர் 1 ஐச் சுற்றி வரும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மேயில் கடவுச்சீட்டும் பெயர்த் திருத்தமும், யூலையில் பெறுபேற்றுப் பத்திரம், ஓகஸ்டுக்குள் பரீட்சை, செப்டெம்பரில் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல், ஒக்டோபரில் எஸ்.ஓ.பி.யின் மூன்றாவது வரைவு. நவம்பர் மழையில் மின்சாரமும் இணையமும் போகும். கடைசி வாரத்துக்கு எதையும் விடாதீர்கள். முடிவு நேரம் அமெரிக்க நேரமா என்றும் பாருங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் சூமில் நேர்முகம். எங்களுக்கு அது நள்ளிரவாக இருக்கும். முடிவுகள் மார்ச்சில் வரும். உதவித்தொகையோடு இடம் தந்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்கப் பொதுவாக அவகாசம் உண்டு. அதற்கு முன் கையெழுத்துக் கேட்டு யாராவது நெருக்கினால், ஏப்ரல் 15 வரை தருவீர்களா என்று பணிவாகக் கேளுங்கள்.

10. இடம் கிடைத்த பிறகு

அமெரிக்கா என்றால் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகம் அனுப்பும். பிறகு செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலர், விசாக் கட்டணம் 185 டொலர், கொழும்பில் நேர்முகம். கட்டணங்கள் கூடக்கூடும், கட்டும் நாளில் பாருங்கள். நேர்முகத்தில் "என்ன படிக்கப்போகிறீர்கள்?" என்றால் இரண்டு துறைக் கதையை அங்கே அவிழ்க்காதீர்கள். "சோஷல் சைக்கொலஜி" என்று ஐ-20 இல் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். எனக்கு மூன்று நிமிடத்தில் முடிந்தது.

பிரித்தானியா என்றால் கொழும்பில் ஐஓஎம் (குடிபெயர்வுக்கான சர்வதேச அமைப்பு) நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை, சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். கணக்கில் காட்ட வேண்டிய காசு 28 நாட்கள் தொடர்ந்து குறையாமல் இருக்க வேண்டும். சித்தப்பா அனுப்பிய காசை இருபத்தேழாம் நாள் எடுத்துக் கடனைக் கட்டினால் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

புறப்படும் முன் மூடி முத்திரையிட்ட பெறுபேற்றுப் பத்திரம் மூன்று பிரதியாவது எடுத்துக்கொண்டு போங்கள். நான் ஒன்றுதான் எடுத்தேன். துணைப்பாடத்தில் சேர, பொருளியல் துறையில் இன்னொரு மூலப்பிரதி கேட்டார்கள். என் அடையாள அட்டையின் போட்டோக் கொப்பியோடும் அதிகாரக் கடிதத்தோடும் அம்மா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்குப் போய் அதே யன்னலுக்கு முன் வரிசையில் நின்றார். அந்த முறை ஐந்து வாரம்.